ஊர்ப் பொது மீன்: கண்மாயிலிருந்து தாகால் வரை

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் கட்டடம் எழுந்த கதையும், பொறுப்பாளர்கள் ஆற்றிய பணிகளும் வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. எனக்குத் தரப்பட்ட பக்கங்களில் மீனைப் பற்றி எழுதுகிறேன். சங்க மலருக்கும் மீனுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

என் அத்தா இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். சிரம்பான் மார்க்கெட்டுக்கு என்னை அழைத்துப் போகும்போதெல்லாம் கடல் மீன் பலகைகளைத் தாண்டி, ஓரத்தில் தொட்டித் தண்ணீரில் உயிரோடு நெளியும் ஹாருவான் மீனருகே போய் நின்றுவிடுவார். "இது நம்ம ஊரு விரால்" என்பார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நலம் விசாரிப்புக்கு அடுத்து அவர் தேடும் செய்திகள் மூன்று: மழை பெய்ததா, கண்மாய் பெருகியதா, மீன்பாசி எவ்வளவுக்கு ஏலம் போனது.

மீன் மேல் அவருக்கு இருந்த ஆசை என்றுதான் சிறுவயதில் அதை நினைத்தேன். பின்னாளில்தான் புரிந்தது. மீன்பாசி ஏலத்தொகை அவர் ஊரின் வரவு செலவுத் திட்டம். அந்த ஆண்டு பள்ளிவாசலுக்கு வெள்ளையடிப்பதும், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும், மடைக்கதவு பழுது பார்ப்பதும் அந்தப் பணத்தில்தான். ஆயிரம் மைல் தள்ளியிருந்தும் அவர் கேட்டது ஊரின் கணக்கை.

இக்கட்டுரை அந்தக் கணக்கின் வரலாறு. ஒரு நீர்நிலை பலருக்குச் சொந்தமாக இருக்கும்போது அதன் மீனை யார் காப்பது, யார் பிடிப்பது, வரும் பணம் யாருக்குப் போவது என்ற கேள்விகளுக்கு நம் மூதாதையர் ஊரிலும் இந்த மலாய் மண்ணிலும் மக்கள் கண்ட விடைகளைச் சொல்ல முயல்கிறேன்.

கண்மாய் என்னும் ஏற்பாடு

நம் உறுப்பினர் குடும்பங்களில் இளைய தலைமுறையினர் பலர் கண்மாயைக் கண்டதில்லை. காவிரி போல் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத சீமை இராமநாதபுரம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது ஓடி வரும் தண்ணீரைப் பிறை வடிவில் மண் கரை போட்டுத் தடுத்துத் தேக்கினார்கள். அதுவே கண்மாய். வட மாவட்டங்களில் அதை ஏரி என்பார்கள். நீர் தேங்கும் பரப்பு உள்வாய். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழி மடை. மிஞ்சிய நீர் வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும் இடம் கலுங்கு. அந்தக் கண்மாயை நம்பிப் பாசனம் பெறும் நிலம் ஆயக்கட்டு. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நீர்நிலைகள் சுமார் 39,000 உண்டு என்பது அரசுக் கணக்கு. இராமநாதபுரம் மாவட்டத்து இராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு நாற்பத்தெட்டு மடை என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

தண்ணீர் வந்தால் மீனும் வரும். வாய்க்கால் வழியே ஏறி வரும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் குரவையும் உள்வாயில் குஞ்சு பொரித்துப் பெருகும். தை அறுவடை முடிந்து, மாசி, பங்குனியில் தண்ணீர் வற்ற வற்ற மீன் ஓரிடத்தில் திரளும். அப்போது பிடித்தால் கூடை நிறையும். கார்த்திகையிலேயே பிடித்துவிட்டால் குஞ்சுதான் கிடைக்கும். பங்குனியில் பிடிக்க ஒன்றும் இருக்காது.

ஆகவே கண்மாய் மீனுக்கு முதல் விதி காத்திருத்தல். ஒருவர் மட்டும் காத்திருந்தால் பயனில்லை. அவர் விட்டு வைத்ததை அடுத்தவர் அள்ளிக்கொண்டு போவார். எல்லோரும் சேர்ந்து காத்திருந்தால்தான் எல்லோருக்கும் மீன். ஊர்க்கூட்டம் கூடித் தடை போட்டதும், காவலுக்கு ஆள் வைத்ததும், மீறினவருக்கு அபராதம் விதித்ததும் இதனால்தான்.

கல்வெட்டில் பாசி

இந்த ஏற்பாடு மிகப் பழமையானது. காஞ்சிபுரம் அருகே உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறை பற்றி நாம் பள்ளியில் படித்தது இவற்றிலிருந்துதான். அந்த ஊர்ச்சபையின் குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய விதி இது. சங்கம் நடத்தும் எவரும் இன்றும் படிக்க வேண்டியது.

கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்றொரு வரியும் வருகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தியது அது. மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு, வந்த வருவாயைக் கொண்டு அதே ஏரியைத் தூர்வாரிய செய்திகளும் உண்டு. இன்றும் அரசு ஏல அறிவிப்புகளில் மீன்பாசி குத்தகை என்றே எழுதுகிறார்கள். ஆட்சிகள் பல மாறியும் சொல் மாறவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏரி தூர்ந்தால் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் மீனும் குறையும். மீன் குறைந்தால் தூர்வாரப் பணம் இராது. மீன் பணத்தை ஏரிக்கே செலவிட்டவர்கள் இந்தச் சங்கிலியை அறிந்திருந்தார்கள். எந்த நீரிலிருந்து வந்ததோ அந்த நீருக்கே முதல் பங்கு என்பது அவர்கள் கணக்கு.

உரிமை கைமாறிய கதை

ஊரார் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் அனுப்பிக் கரையைச் செப்பனிடும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தப் பழக்கம் தளர்ந்தது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டு வந்தார்கள். ஊரார் தாமாகச் செய்து வந்ததைச் சட்டம் போட்டு வாங்கப் பார்த்தார்கள். பழைய நிலை திரும்பவில்லை.

இராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன்களாக இருந்த சீமைகள். நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948இல், சென்னை மாகாண அரசு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசுக்கு மாறும் சொத்துகளின் பட்டியல் அச்சட்டத்திலேயே இருக்கிறது. ஆறு, ஓடை, ஏரி, பாசன அமைப்பு ஆகியவற்றோடு மீன்வளமும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. ஜமீன் கையிலிருந்த மீன் அன்றிலிருந்து சர்க்கார் மீன் ஆயிற்று.

பின்னர் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் வந்தன. மீன்பாசி ஏலம் ஆண்டுதோறும் நடந்தது. ஏலத்தில் ஊர் சார்பாக ஒருவர் கேட்டு எடுத்தால் மீனும் பணமும் ஊருக்குள் சுற்றின. வெளியூர்க் குத்தகைக்காரர் எடுத்தால் ஊருக்கு மிஞ்சியது வேடிக்கை பார்ப்பதுதான்.

குத்தகைக்காரருக்கும் விவசாயிக்கும் தகராறும் வளர்ந்தது. கண்மாய் சீக்கிரம் வற்றினால் குத்தகைக்காரருக்கு லாபம், மீன் எளிதாக அகப்படும். கடைசி நனைப்பு வரை தண்ணீர் நின்றால்தான் விவசாயிக்கு நெல். இரவோடு இரவாக மடையைத் திறந்துவிட்டதாகப் புகார் எழாத ஊர் அபூர்வம். தண்ணீரும் மீனும் ஒரே ஊரின் கையில் இருந்தபோது இந்த இரண்டு தேவைகளும் ஒரே கூட்டத்தில் பேசித் தீர்க்கப்பட்டன. ஒன்று ஒருவருக்கும் மற்றொன்று வேறொருவருக்கும் போனதும் காவல் நிலையம் வரை போக நேர்ந்தது.

பழைய ஊர் ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. நிலம் உள்ளவர் குரலே ஊர்க்கூட்டத்தில் ஓங்கி ஒலித்தது. கரையில் மண் சுமந்தவர்களுக்கும் மடை திறந்து காவல் காத்தவர்களுக்கும் சாதியின் பெயரால் மீனில் பங்கு குறைக்கப்பட்ட ஊர்கள் உண்டு. பெண்கள் கூட்டத்திலேயே இல்லை. பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

வெள்ளைத் துண்டு வீசும் நாள்

இந்தக் கேள்விக்கு மக்களே கண்டுபிடித்த ஒரு நாள் விடைதான் மீன்பிடித் திருவிழா. மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம், சிவகங்கை மாவட்டம், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதி வட்டாரம் ஆகிய இடங்களில் கோடையில் இது நடக்கும். அதுவரை யாரும் வலை போடக் கூடாது. நாள் குறித்துச் சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். விடியுமுன்னரே ஆயிரக்கணக்கானோர் கரையில் திரண்டுவிடுவார்கள். மூங்கிலில் பின்னிய ஊத்தா, கச்சா வலை, கொசுவலை, கூடை, ஒன்றும் இல்லாதவர் கையில் பழைய சேலை.

ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நொடி அத்தனை பேரும் தண்ணீரில். சாதி, மதம், ஊர் என்ற பேதம் அந்தச் சேற்றில் தெரியாது. பிடித்த மீன் பிடித்தவருக்கு. பல ஊர்களில் அந்த மீனை விற்கக் கூடாது, வீட்டில் சமைத்து உண்ண வேண்டும் என்பது வழக்கம். அன்று வட்டாரம் முழுதும் மீன் குழம்பு மணக்கும். மனம் குளிர்ந்து அத்தனை பேரும் உண்டால் அடுத்த ஆண்டு மழை தவறாது என்பது அவர்கள் நம்பிக்கை.

குத்தகைப் பணம் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, கண்மாயை எல்லோருக்கும் திறந்துவிடும் ஊர்கள் இவை. பண வரவு குறைவுதான். ஆனால் பல மாதங்கள் யாரும் திருடாமல் காப்பதற்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. தன் பங்கு வரும் என்று தெரிந்தவன் திருட மாட்டான். அடுத்தவன் திருடவும் விட மாட்டான்.

மீண்டும் கூடியவர்கள்

மீன் வளர்ப்பு அறிவியலும் இதற்கிடையே மாறியது. இந்தியாவில் ஹீராலால் சௌத்ரி 1957 ஜூலை 10ஆம் நாள் ஊசி மருந்து மூலம் கெண்டை இனத்தை முட்டையிடச் செய்தார். அந்த நாளே இன்று இந்தியாவில் மீன் விவசாயிகள் தினம். அதன்பின் கட்லா, ரோகு, மிருகால் குஞ்சுகள் பண்ணைகளில் கிடைக்கலாயின. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிருகால் அடியிலும் இரை தேடும். மூன்றையும் சேர்த்து விட்டால் கண்மாயின் எந்த மட்டமும் வீணாகாது. நீர் நிலைத்து நின்றால் ஓராண்டில் கட்லா ஒரு கிலோ வரை வரும்.

ஆனால் குஞ்சு வாங்கிவிட முதல் வேண்டும். விட்டதைக் காக்க ஒற்றுமை வேண்டும். 1992இல் மதுரையில் தொடங்கிய கண்மாய்ச் சீரமைப்புத் திட்டம் இதற்கொரு வழி காட்டியது. பின்னர் தானம் அறக்கட்டளை என்ற பெயரில் வளர்ந்த அமைப்பு அதை நடத்தியது. ஒவ்வொரு கண்மாய்க்கும் அதன் விவசாயிகளைக் கொண்டு வயலகம் என்ற சங்கம் அமைத்தார்கள். தூர்வாரும் செலவில் ஒரு பங்கை ஊரார் தர வேண்டும். கணக்கு ஊர்க்கூட்டத்தில் படிக்கப்பட வேண்டும். மீன் வளர்ப்பும் சங்கத்தின் வருமான வழிகளில் ஒன்று. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிப்பதற்கான சட்டத்தை இயற்றியது.

எல்லா ஊரிலும் இது வெற்றி பெறவில்லை. மழை பொய்த்த ஆண்டில் குஞ்சு வாங்கிய பணமே போய்விடும். கருவேலம் மண்டிய உள்வாயில் மீனுக்கு இடம் இல்லை. தாங்கி நின்ற ஊர்களில் நான் காண்பது மூன்று குணங்கள்: யார் உறுப்பினர் என்பதில் தெளிவு, திறந்த கணக்கு, மீன் பணத்தில் ஒரு பகுதியைக் கண்மாய்க்கே திருப்பித் தரும் மனம்.

இந்தப் பக்கத்து ஆறுகள்

கண்மாய்க் கரையில் வளர்ந்தவர்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள். நெகிரி செம்பிலானில் அவர்கள் கண்டது வேறு வகைத் தண்ணீர். ஆண்டு முழுதும் மழை, வற்றாத ஓடைகள். கண்மாய் வெட்டத் தேவையே இல்லை. சிரம்பான், பாரோய் வட்டாரத்து நீர் லிங்கி ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. விராலை இங்கே ஹாருவான் என்றார்கள்; பனையேறிக் கெண்டையைப் புயூ என்றார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஜாவாவுக்கு வந்து, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கும் வந்து சேர்ந்த திலாப்பியா, ஈயக் குட்டைகளில் பெருகியது. அதே மீன் 1952இல் இந்தியாவுக்குப் போய் நம் ஊர்க் கண்மாய்களில் ஜிலேபி என்று பெயர் வாங்கியது.

மீன் ஒன்றுதான், ஆனால் ஆற்றின் கதி வேறு. சுங்கை ஊஜோங் ஈயம் முற்காலத்தில் லிங்கி ஆற்றில் படகேறித்தான் கடலுக்குப் போனது. சுரங்கங்கள் கழுவித் தள்ளிய மணல் ஆற்றை மேடாக்கியது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் ஆற்றை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்து வந்தவை ரப்பர் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும். ரப்பர் ஆலையின் கழிவும் செம்பனை ஆலையின் கழிவும் ஓடையில் விடப்பட்டன. அந்தக் கழிவு அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுத் திணறி வயிறு மேலாக மிதக்கும். தோட்டத்தில் பிறந்த நம் பெரியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

1974இல் மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவு எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சலாம் என்பதற்கு லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று 1978இல் வரம்பு வைத்து, 1984க்குள் அதை 100க்குக் குறைத்தார்கள். மீன் திரும்புவதற்கு இது அவசியமான முதல் படி.

நஞ்சும் வெடியும் மின்சாரமும் கொண்டு மீன் பிடிப்பதை 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின்படி ஆற்று மீன் மாநிலத்தின் பொறுப்பு. ஒவ்வொரு ஓடைக்கும் ஓர் அதிகாரியை நிறுத்த எந்த மாநிலத்தாலும் முடியாது. கரையில் வாழ்பவர்தான் காவலர் ஆக வேண்டும். நம்மவர்களில் தோட்டத்தில் வேலை செய்தவரும் கடை வைத்தவரும் அந்த ஓடைக்கு உரிமையாளர்கள் அல்லர். தோட்டம் கம்பெனியுடையது, ஓடையும் கம்பெனி எல்லைக்குள். ஊரில் கண்மாயைக் காத்த கைகளுக்கு இங்கே காக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. பழக்கம் ஒரு தலைமுறையில் மறந்தது.

லுபுக் லாராங்கான், தாகால்

நமக்குத்தான் மறந்தது, இந்த வட்டாரத்து மக்கள் எல்லோருக்கும் மறக்கவில்லை. நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களின் முன்னோர் சுமாத்திராவின் மினாங்கபாவ் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது நாம் அறிந்ததே. அந்த மினாங்கபாவ் நாட்டிலும் அதை அடுத்த மண்டாய்லிங் பகுதியிலும் லுபுக் லாராங்கான் என்றொரு வழக்கம் இருக்கிறது. லுபுக் என்றால் ஆற்று மடு. லாராங்கான் என்றால் தடை செய்யப்பட்டது. ஆற்றின் ஒரு பகுதியை எல்லை குறித்து ஊரார் மூடிவிடுவார்கள். சில ஊர்களில் யாசீன் ஓதி மூடுவார்கள். மாதக்கணக்கில் யாரும் தூண்டில் போட மாட்டார்கள். பல ஊர்களில் பெருநாளையொட்டித் திறப்பார்கள். வெளியூர் போனவர்களும் அன்று திரும்பி வருவார்கள். கட்டணம் செலுத்தி வலை வீசலாம். வரும் பணம் பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பாதைக்கும் போகும்.

இதைப் படித்தபோது என் அத்தாவின் கடிதங்கள்தான் நினைவுக்கு வந்தன. மீன்பாசிப் பணத்தில் பள்ளிவாசலுக்கு வெள்ளையடித்த ஊரும், மடு மீனில் மதரஸாவுக்குக் கூரை போட்ட ஊரும் ஒன்றையொன்று அறியாதவை. கடல் நடுவில் இருக்கிறது. சிந்தனை மட்டும் ஒன்று.

நம் நாட்டிலேயே சபாவில் இதற்குத் தாகால் என்று பெயர். கடசான்டூசுன் மொழியில் தடை என்று பொருள். வெடியும் நஞ்சும் சபாவின் ஆறுகளை வெறுமையாக்கிய பிறகு, பழைய வழக்கத்தைக் கிராம மக்களும் மீன்வளத் துறையும் சேர்ந்து உயிர்ப்பித்தார்கள். பெனாம்பாங் மாவட்டத்து பாபாகோன் ஆறு முன்னோடிகளில் ஒன்று. கிராமக் குழு ஆற்றை நிறம் குறித்துப் பிரிக்கும். சிவப்புப் பகுதியில் எப்போதும் பிடிக்கக் கூடாது. மஞ்சள் பகுதியை ஆண்டுக்கு ஒரு முறையோ சில ஆண்டுகளுக்கு ஒரு முறையோ திறப்பார்கள். பச்சைப் பகுதியில் அன்றாடத் தேவைக்குப் பிடிக்கலாம். திறக்கும் நாளில் பிடித்த மீனைக் குடும்பங்களுக்குப் பங்கிடுவார்கள். ஆற்றில் இறங்க இயலாத முதியவர் வீட்டுக்கும் பங்கு போகும். மீறினவருக்கு சோகிட் என்னும் மரபு அபராதம்.

2003இல் சபா சட்டமன்றம் உள்நாட்டு மீன்வளச் சட்டம் இயற்றி இந்தக் குழுக்களுக்குப் பின்பலம் தந்தது. ஊரார் விதிக்கு அரசு துணை நின்றது. ஊரார் கையிலிருந்து அதைப் பறிக்கவில்லை. 1858க்கும் 2003க்கும் உள்ள வேறுபாடு இதுதான். ரானாவ் மாவட்டம் லுவாந்தி கிராமத்தில் மொரோலி ஆற்று மீன்கள் இன்று மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. கால் நனைக்க வருவோர் தரும் கட்டணம் கிராமத்துக்கு வருமானம். சரவாக்கிலும் தாகாங் என்ற பெயரில் இது பரவியிருக்கிறது.

இத்தகைய ஏற்பாடுகளை உலகெங்கும் ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞருக்கு 2009இல் பொருளாதார நோபெல் பரிசு கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர். பொதுச் சொத்து எப்படியும் அழிந்துவிடும், தனியாருக்கோ அரசுக்கோ கொடுத்துவிட வேண்டும் என்று பலர் வாதிட்ட காலத்தில், பயன்படுத்துவோரே விதி வகுத்துத் தலைமுறைகளாகக் காத்த இடங்களை அவர் எடுத்துக் காட்டினார். எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விதியை அதற்குக் கட்டுப்படுவோரே வகுக்க வேண்டும். கண்காணிப்பு இருக்க வேண்டும். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். நம் ஊர் நீர்க்காவல்காரருக்கு இதில் எதுவும் புதிதாக இருந்திருக்காது.

தடை நாளில் வந்த மீன்

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை நாம் அறிவோம். குர்ஆனில் அல்அஃராஃப் அத்தியாயத்தில் கடலோர ஊர் ஒன்றின் வரலாறும் வருகிறது. மீன் பிடிக்கத் தடை செய்யப்பட்ட நாளில் மீன்கள் நீர்மட்டத்தில் திரண்டு வந்தன. மற்ற நாள்களில் வரவில்லை. முதல் நாளே வலை விரித்து மறுநாள் எடுத்துக்கொள்ளும் தந்திரத்தைச் சிலர் கையாண்டனர் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அது சனிக்கிழமை வழிபாட்டுக் கட்டளை பற்றிய வரலாறு. மீன்வளப் பாதுகாப்புப் பற்றியதன்று. ஆயினும் கண்மாய்க் கரையில் வளர்ந்தவருக்கு அந்தச் சோதனை நன்றாகவே புரியும். கண்ணெதிரே மீன் துள்ளுகிறது, யாரும் பார்க்கவில்லை, இன்று பிடிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். எந்தப் பொது நீரும் அந்த ஒரு கணத்தில்தான் காக்கப்படுகிறது அல்லது அழிகிறது.

சங்கமும் ஒரு கண்மாய்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது ஆண்டுகளாகப் பலர் சிறிது சிறிதாகச் சேர்த்தது தேங்கியிருக்கிறது. ஜனாஸாச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அதிலிருந்து மடை திறக்கிறோம். கரையைப் பார்த்துக்கொள்ளவும், கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படிக்கவும், இறங்க இயலாதவர் பங்கை வீட்டுக்கு அனுப்பவும் ஆள் இருக்கும் வரை அது வற்றாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஜெலுபு மாவட்டத்துக் கிளாமி லெமியில் மீன்வளத் துறையின் நன்னீர் மீன் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பாரோயிலிருந்து அதிக தூரமில்லை. லிங்கி ஆறு அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு இந்த ஆற்றைக் காட்டுவோம். அதில் என்ன மீன் மிஞ்சியிருக்கிறது என்று அவர்கள் கேட்கட்டும். வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் இன்றே அருகில் அமர்ந்து கேளுங்கள்: உங்கள் ஊர்க் கண்மாயின் பெயர் என்ன? எத்தனை மடை? மீன்பாசிப் பணத்தில் என்ன செய்தார்கள்? சொல்வதை எழுதி வைத்துச் சங்கத்தில் கொடுங்கள்.

என் அத்தாவிடம் இந்தக் கேள்விகளை நான் கேட்கவில்லை. கடிதங்களை அவர் படித்துக் காட்டியபோது நான் விளையாடப் போய்விட்டேன். எங்கள் கண்மாய்க்கு எத்தனை மடை என்று இன்று எனக்குத் தெரியாது.